உருக்குவதற்கு முன் அந்தச் சோக் குழலைக் கழற்றிப் பார்க்கக் கோரி

அனுப்புநர்
பறவைக் காவலாளியின் மனைவி,
உள்விட்டச் சோதகர், பம்பு தொழிற்சாலை,
கதவு எண் 14, மீன் பண்ணை ஊழியர் குடியிருப்பு.

பெறுநர்
தலைமை அதிகாரி அவர்கள்,
ஆயுதச் சோதனைப் பிரிவு,
காவல் துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: மீன் பண்ணைத் துப்பாக்கிச் சூடு – முடிந்துவிட்டதாகச் சொல்லப்படும் வழக்கு – இம்மாதம் 30-ஆம் தேதி உருக்கவிருக்கும் துப்பாக்கி – அதன் சோக் குழல் தவறாக வகைப்படுத்தப்பட்டமை – கழற்றி அளந்து எழுத்தில் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் பிரிவின் சோதனை அறிக்கை, நான்கு பக்கங்கள்.
2. எனது முந்தைய மனுக்கள் மூன்று.
3. அவற்றுக்கு வந்த பதில்: இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது என் நான்காவது மனு. முதல் மூன்றும் தங்கள் மேசைவரை வந்தனவா என்று எனக்குத் தெரியாது. முதல் மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள். இரண்டாவதை, இடது பக்கம் ஓரம் விடவில்லை என்று தபால் மேசையில் இருப்பவர் திருப்பிக் கொடுத்தார். ஓரம் விட்டு மறுபடி எழுதிக்கொண்டு போனபோது அவர் சாப்பிடப் போயிருந்தார், அன்று திரும்பி வரவில்லை. மூன்றாவதன் நெற்றியில் சிவப்பு மையால் 'வழக்கு முடிந்தது' என்று எழுதி என் கையிலேயே திணித்துவிட்டார்கள். இந்த மனுவில் மூன்று விரல் அகலம் ஓரம் விட்டிருக்கிறேன். ஓரத்தைப் பார்த்து முடித்த பிறகு உள்ளேயும் படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. நான் பம்பு தொழிற்சாலையில் பதினோரு வருடமாக உள்விட்டச் சோதகராக இருக்கிறேன். கடைந்து வரும் உருளைக்குள் அளவியை விட்டு, துளை சரியான அளவில் இருந்தால் பச்சைப் புள்ளியும் இல்லையென்றால் சிவப்புப் புள்ளியும் வைப்பது என் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு உருளைகள். தலைமுடியின் பருமனில் பாதி பிசகியிருந்தாலும் சிவப்புதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. துளையைப் பற்றி இந்தம்மாவுக்கு என்ன தெரியும் என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் என் காதுபடக் கேட்டார், அதற்காகச் சொல்கிறேன்.

3. என் கணவர் மீன் பண்ணையில் பறவைக் காவலாளி. குளத்து மீனைக் கொத்திக்கொண்டு போக வரும் நீர்க்காகங்களைத் துப்பாக்கியால் சுட்டு விரட்டுவது அவர் வேலை. பண்ணையில் எல்லோரும் அவரை 'டுமீல்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடத்தில் அவர் கொன்ற பறவைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். சத்தம் போதும், சாவு எதற்கு என்பது அவர் கட்சி. முதலாளிக்கு இதில் மனக்குறை உண்டு. என் தம்பியும் அதே பண்ணையில் குளங்களுக்குத் தீவனம் போடும் வேலை பார்த்தான். அவனுக்கு வயது இருபத்தாறு. அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவள் நான்.

4. இனி விஷயத்துக்கு வருகிறேன். துப்பாக்கிக் குழாயின் வாய்க்குள் திருகிப் பொருத்துகிற, விரல் நீளமுள்ள சிறு குழலுக்குச் சோக் குழல் என்று பெயர். தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் தங்கள் பிரிவின் அறிக்கையைப் படித்த பிறகு, தெரிந்திருக்கும் என்று எதையும் விட்டுவிட எனக்குத் தைரியம் இல்லை. வாய் குறுகிய குழலைப் போட்டுச் சுட்டால் தோட்டாவிலிருந்து கிளம்பும் ஈயக் குண்டுகள் கும்பலாக வெகுதூரம் போகும். வாய் அகன்ற குழலைப் போட்டால் கிளம்பிய சற்றுத் தூரத்திலேயே பரந்துவிடும். ஆகவே, சுவரில் குண்டுகள் எவ்வளவு அகலத்துக்குப் பதிந்திருக்கின்றன என்பதும், துப்பாக்கியில் எந்தக் குழல் இருந்தது என்பதும் தெரிந்தால், எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்று சொல்லிவிடலாம். என் கணவர் சிறையில் இருப்பது இந்த ஒரு கணக்கினால்தான்.

பொருத்திய குழலில் விளிம்பு மட்டும்தான் வெளியே தெரியும். விளிம்பில் சிறு வெட்டுகள் போட்டிருப்பார்கள். என் கணவரின் துப்பாக்கியோடு வந்தவை மூன்று குழல்கள். ஒரு வெட்டு உள்ளது மிக இறுக்கம். மூன்று வெட்டு நடுத்தரம். ஐந்து வெட்டு உள்ளதில் இறுக்கமே கிடையாது. வெட்டு குறையக் குறையத்தான் வாய் குறுகும். இது நானாகச் சொல்லும் கணக்கு அல்ல. குழல் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் தாளில் படம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். எல்லாக் கம்பெனிகளும் ஒரே முறையில் வெட்டுப் போடுவதில்லை என்றும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதனால் வெட்டை மட்டும் எண்ணி முடிவு கட்டச் சொல்லவில்லை. குழலைக் கழற்றினால் பக்கவாட்டில் அதன் வகையைப் பொறித்திருப்பார்கள். அளவியை உள்ளே விட்டால் அது மில்லிமீட்டரில் சொல்லிவிடும். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும்.

5. சம்பவம் நடந்தது ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் எழுத வேண்டியிருக்கிறது. காவலாளிக் குடிசையில் மழை ஒழுகுவதால், துப்பாக்கியை வீட்டு இரும்பு அலமாரியில் பூட்டி வைக்கும்படி பண்ணையிலிருந்தே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த வாரம் என் கணவரின் வலது கட்டைவிரலை வலைக் கம்பி கிழித்து மூன்று தையல் போட்டிருந்தது. குழலைத் திருக அவரால் முடியவில்லை. ரோட்டோரக் குளத்துக்கு மாறியிருக்கிறோம், ஆள் நடக்கிற இடம், குண்டு தூரம் போகக் கூடாது, ஐந்து வெட்டு உள்ளதைப் போட்டுவிடு என்று என்னிடம் சொன்னார். நான் பழைய குழலைக் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, ஐந்து வெட்டுக் குழலை அதற்குரிய சாவியால் திருகினேன். திருகுவதற்கு முன் ஒரு தடவையும் திருகிய பிறகு ஒரு தடவையும் எண்ணினேன். அவர் முற்றத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்; திரும்பிப் பார்க்கவில்லை. உரிமம் இல்லாத நான் துப்பாக்கியைத் தொட்டது குற்றம் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

6. வியாழக்கிழமை முதலாளியின் மருமகன் பண்ணைக்கு வந்தார். அவரை அங்கே எல்லோரும் 'மாப்பிள்ளை சார்' என்பார்கள். புதிதாக வாங்கிய தன் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். தோட்டா கொண்டுவரவில்லை என்பதால் என் கணவரின் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார். அதனால்தான் ஈயக் குண்டை வைத்து யார் சுட்டது என்று சொல்ல முடியாமல் போயிற்று. இருவருடையதும் ஒரே பெட்டி. என் கணவர் கரைமேல் நின்றார். தீவனக் கொட்டகையின் தகரச் சுவருக்கும் அவருக்கும் இடையே இருபத்தேழு மீட்டர். மாப்பிள்ளை சார் மோட்டார் அறையின் மூலையில் நின்றார். அங்கிருந்து அதே சுவருக்குப் பதினான்கு மீட்டர். பறவைகள் கிளம்பின. இருவரும் சுட்டார்கள். இரண்டு சத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அந்த நேரம் பார்த்து என் தம்பி கொட்டகையிலிருந்து வாளியோடு வெளியே வந்தான்.

அவன் முகத்திலிருந்து பதினோரு குண்டுகள் எடுத்தார்கள். இரண்டு கண்ணும் போயிற்று. மற்ற குண்டுகள் அவன் தலையைச் சுற்றித் தகரத்தில் பதிந்திருந்தன. அறுபத்தைந்து சென்டிமீட்டர் அகலம் என்று தங்கள் அறிக்கை சொல்கிறது. நானும் போய் நாடாவால் அளந்தேன், அதே அறுபத்தைந்துதான். அளவில் தங்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை. அடுத்த வாரமே அங்கே புதுத் தகரம் அடித்துவிட்டார்கள்.

காவலர்கள் வந்து சேர்ந்தபோது பண்ணையில் ஒரே ஒரு துப்பாக்கிதான் இருந்தது. மற்றது காரில் ஏறிப் போயிருந்தது. மாப்பிள்ளை சாரும் சுட்டார் என்று என் கணவர் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார். வேறு யாரும் அப்படிக் கூறவில்லை என்று அதற்குக் கீழேயே எழுதி மூடிவிட்டார்கள். அன்று வேலையில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் சரியாகப் பத்து மணிக்கு வேறு பக்கம் பார்க்க வேண்டிய அவசியம் வந்திருக்கிறது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் குடியிருப்பதும் பண்ணை கொடுத்த வீட்டில்தான். என் வீட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக. இப்போதும் குழாயடியில் பார்த்தால் எனக்கு வழிவிட்டு நிற்கிறார்கள். அந்த மரியாதை எதற்கு என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

7. தங்கள் பிரிவின் அறிக்கையில் நான்காம் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்: 'குழல் விளிம்பில் ஐந்து வெட்டுகள் காணப்படுகின்றன. எனவே இது மிக இறுக்கமான வகை. இருபத்தேழு மீட்டர் தூரத்தில் அறுபத்தைந்து சென்டிமீட்டர் விரிவு இவ்வகைக்குப் பொருந்துகிறது.'

முதல் வாக்கியம் உண்மை. மூன்றாவது வாக்கியமும், உண்மையிலேயே இறுக்கமான குழலாக இருந்தால், சரிதான். நடுவில் இருக்கிற வாக்கியம்தான் தலைகீழ். அகன்ற குழல் போட்டு இருபத்தேழு மீட்டரிலிருந்து சுட்டால் சுவரில் நூற்றுப் பத்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் பரந்திருக்க வேண்டும். அறுபத்தைந்து சென்டிமீட்டர் வர வேண்டுமென்றால் ஏறக்குறையப் பதினான்கு மீட்டரில் நின்று சுட்டிருக்க வேண்டும். பதினான்கு மீட்டரில் நின்றது யார் என்பதை ஆறாவது பத்தியில் எழுதியிருக்கிறேன். நான் யார்மீதும் பழி போடவில்லை. அந்த இன்னொரு துப்பாக்கியில் எந்தக் குழல் இருந்தது என்று ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

8. சோதனை செய்த உதவி ஆய்வாளரை மூன்று மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். மரியாதையாகவே பேசினார், நாற்காலி போடச் சொன்னார். ஐந்து வெட்டு என்றால் இறுக்கம் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினார்: "ஏம்மா, ஒரு கோடு வாங்கினவனும் அஞ்சு கோடு வாங்கினவனும் ஒண்ணா? கூடக் கூட மேலதானம்மா?"

ஐயா, தங்கள் துறையில் சட்டைக் கையில் கோடு கூடினால் பதவி கூடுகிறது. ஒரு கோட்டுக்காரர் மூன்று கோட்டுக்காரருக்கு சல்யூட் வைக்கிறார். முப்பது வருடம் கோட்டை எண்ணி எண்ணியே ஆளை எடைபோட்டுப் பழகிய கண், துப்பாக்கி வாயையும் அதே கண்ணால் பார்த்திருக்கிறது. அதில் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சோக் குழல் தங்கள் துறையில் வேலைக்குச் சேரவில்லை என்பதை மட்டும் அவருக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

9. அதே அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் 'நாணயச் சோதனை' என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாணயத்தைக் குழல் வாயில் வைத்தார்களாம், நுழையவில்லையாம், ஆகவே இறுக்கம் உறுதியாயிற்றாம். எந்த நாணயம் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்து நல்ல மனதோடு காட்டினார். என் பையில் எப்போதும் ஒரு அளவி இருக்கும், அளந்தேன். இருபத்து மூன்று மில்லிமீட்டர். அந்த வகைத் துப்பாக்கியின் குழாயே பதினெட்டரை மில்லிமீட்டர்தான். எந்தக் குழலைப் போட்டாலும், குழலே போடாவிட்டாலும், அந்த நாணயம் உள்ளே போகாது. இதை அவரிடம் சொன்னேன். நாணயத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, டீ குடிக்கிற நேரம் ஆகிவிட்டது என்றார்.

அகன்ற குழலுக்கும் இறுக்கமான குழலுக்கும் வாயில் உள்ள வித்தியாசம் மொத்தமே சுமார் ஒரு மில்லிமீட்டர். என் வேலையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அன்றைக்கே சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தங்கள் அறிக்கையின் கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மூன்றில் ஒருவர்கூட அளவியைக் கையில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எண் எங்காவது எழுதியிருக்கும். நான்கு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். துப்பாக்கி வாயின் அளவு எங்கேயும் இல்லை.

10. குழலை ஏன் கழற்றிப் பார்க்கவில்லை என்பதற்கும் அறிக்கையில் காரணம் உண்டு: 'துருப்பிடித்து இறுகியுள்ளதால் கழற்ற இயலவில்லை.' ஞாயிற்றுக்கிழமை நான் கிரீஸ் தடவித் திருகிய மரை வியாழக்கிழமைக்குள் துருப்பிடித்துவிட்டது என்கிறார்கள். உண்மைக் காரணம் வேறு. அந்தக் குழலைக் கழற்றத் தனியாக ஒரு சாவி வேண்டும். சாவி குழல் பெட்டியில் இருக்கிறது. பெட்டி என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வீட்டைச் சோதனை போட வந்தவர்கள் என் கணவரின் பழைய செருப்பைக்கூட எடுத்துப் போனார்கள். இந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, குழாய் ரிப்பேர் சாமான் என்று வைத்துவிட்டார்கள். நானே அதைத் தங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். வாசலில் இருந்த காவலர் ஆயுத பாகம் உள்ளே வரக் கூடாது என்று என்னைத் திருப்பி அனுப்பினார். ஆயுதச் சோதனைப் பிரிவுக்கு ஆயுத பாகத்தை எந்த வழியாகக் கொண்டுவருவது என்று அவரிடம் கேட்டதற்கு, மனு எழுதிப் போடச் சொன்னார். அப்படி எழுதியதுதான் என் முதல் மனு.

11. இதுவரை எழுதியது குழலைப் பற்றி. இனி எழுதப்போவதை ஒரு மனுவில் எழுதலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதை எழுதாவிட்டால் நான் ஏன் இப்படி விடாமல் வந்து நிற்கிறேன் என்பது தங்களுக்குப் புரியாது.

நீதிமன்றத்தில் அறிக்கை முழுவதையும் படிக்கவில்லை. 'மிக இறுக்கமான சோக் குழல் பொருத்தப்பட்டிருந்தது' என்ற கடைசிச் சுருக்கத்தை மட்டும்தான் படித்தார்கள். அதைக் கேட்டதும் என் கணவர் கூண்டிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். பிறகு, முதலாளி ஏற்பாடு செய்த வழக்கறிஞர் வாயைத் திறப்பதற்குள், குற்றத்தை ஒப்புக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நான்கு வருடம் தண்டனை. மேல்முறையீடு வேண்டாம் என்றும் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் அவர்தான் சுட்டார் என்று நம்பினேன். பறவையைக் கொல்லாதவர் கை தவறித் தாழ்த்திச் சுட்டுவிட்டார் என்று நினைத்தேன். நான் போட்ட குழலை இடையில் யாரையாவது கொண்டு மாற்றியிருப்பார் என்று எண்ணி, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சிறையில் முதல் தடவை பார்க்கப் போனபோது, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, என் தம்பியின் கண்ணைத் தின்றுவிட்டாயே என்று அவரைப் பார்த்துச் சொன்னேன். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.  குழலைப் பற்றி நான் கேட்டபோது அவர் முகம் மாறியது. "அந்தக் குழல் பேச்சை விடு. சுட்டது நான். அதோட முடிஞ்சுது" என்றார். ஐந்து மாதம் இதையே சொன்னார். ஐந்து மாதமும் அவர்மேல் எனக்கிருந்த கோபம் ஆறவில்லை.

12. பிறகு அறிக்கையின் நகல் கிடைத்தது. கேட்டு ஏழு வாரம் கழித்து. தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளையில் பிரித்துப் படித்தேன். 'ஐந்து வெட்டுகள்' என்ற இடத்துக்கு வந்ததும்தான், அவர் அன்று கூண்டிலிருந்து ஏன் என்னைத் திரும்பிப் பார்த்தார் என்பது எனக்கு விளங்கிற்று.

அவர் நினைத்தது இதுதான். குழலைப் பொருத்தியவள் நான். இறுக்கமான குழல் இருந்தது என்று அரசாங்கமே சொல்கிறது. அப்படியென்றால் நான்தான் ஐந்து வெட்டு என்று நினைத்து ஒரு வெட்டை மாற்றிப் போட்டுவிட்டேன். அகன்ற குழலாக இருந்திருந்தால் குண்டுகள் சிதறி, ஒன்றிரண்டோடு என் தம்பி தப்பித்திருப்பான். இறுக்கமான குழல் இருந்ததால்தான் மொத்தமும் முகத்தில் விழுந்தது. ஆகவே என் தம்பியின் கண்ணைப் பறித்ததில் என் கைக்கும் பங்கு இருக்கிறது. வழக்கு நீண்டால் குழலைப் பற்றி விசாரிப்பார்கள், பொருத்தியது யார் என்று கேட்பார்கள், நான் இதைத் தெரிந்துகொள்வேன். நான் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகவே அவர் அவ்வளவு அவசரமாக ஒப்புக்கொண்டார். நான் வலைக்கு இந்தப் பக்கம் நின்று அவரைத் திட்டியபோதும் இதைச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஐயா.

அடுத்த சனிக்கிழமை அறிக்கையைக் கொண்டுபோய்க் கம்பி வலையில் வைத்துக் காட்டினேன். நான் போட்டது ஐந்து வெட்டுதான், இதோ சோதித்த அதிகாரியே எண்ணி எழுதியிருக்கிறார், இறுக்கம் என்று எழுதியதுதான் தப்பு என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார். "அவங்க எழுதினதுல ஒரு வரி தப்புன்னா இன்னொரு வரி மட்டும் எப்படி சரியா இருக்கும்? விடும்மா. நீ நல்லா எண்ணித்தான் போட்டிருப்ப" என்றார். என்னைத் தேற்றுகிறார். என் மனசாட்சிக்குப் பயந்து நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறார். பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றால் இரும்புச் சாமானைச் சிறைக்குள் விடமாட்டார்கள். காட்டினாலும் நான் வேறு குழலை வாங்கி வைத்துவிட்டேன் என்றுதான் நினைப்பார். நான் சொல்வது எதுவும் இனி அவரிடம் எடுபடாது. நான் சொல்கிறேன் என்பதே அதற்குக் காரணம்.

13. என் தம்பி இப்போது என் வீட்டு முன்னறையில் இருக்கிறான். சத்தம் பக்கத்திலிருந்து கேட்டது, மாமா நின்ற பக்கத்திலிருந்து கேட்கவில்லை என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னான். ஊசி மருந்து பேசுகிறது என்று வாக்குமூலம் வாங்க வந்தவர் அதை எழுதாமல் விட்டுவிட்டார். அறிக்கையை நான் படித்துக் காட்டிய அன்று, பெட்டியை எடுத்துத் தரச் சொன்னான். மீதமிருக்கிற இரண்டு குழல்களையும் மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து மெல்லச் சுற்றினான். "இது ஒண்ணு. இது மூணு. அஞ்சு இதுல இல்லையேக்கா. அப்ப அது துப்பாக்கியிலதானே இருக்கணும்?" என்றான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு கண்ணும் இல்லாதவன் நகத்தால் கண்டுபிடித்ததை, தங்கள் பிரிவில் ஆறு கண்கள் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டன.

அவன் கண்டுபிடித்ததால் என் மனம் ஆறிவிட்டது என்று தாங்கள் நினைக்க வேண்டாம். வேலைக்குக் கிளம்புமுன் நான் அந்தப் பெட்டியைத் திறந்து, ஒரு வெட்டுக் குழல் உள்ளே இருக்கிறதா என்று இன்னமும் பார்க்கிறேன். இருக்கிறது. மறுநாளும் பார்க்கிறேன். பதினோரு வருடம் முந்நூறு உருளைக்குப் புள்ளி வைத்தவள், தன் கையால் எண்ணிய ஐந்தைத் தானே நம்ப முடியாமல் நிற்கிறேன். இதைத் தங்கள் பிரிவு எனக்குச் செய்தது.

14. வழக்கு முடிந்துவிட்டதால், பறிமுதல் செய்த மற்ற ஆயுதங்களோடு அந்தத் துப்பாக்கியையும் இம்மாதம் 30-ஆம் தேதி உருக்கப்போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். வரிசை எண் 61. உருக்கிய பிறகு அது ஐந்து வெட்டா ஒரு வெட்டா என்று சொல்ல யாராலும் முடியாது. ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு வேண்டுகிறேன்.

(அ) வரிசை எண் 61-ஐ அந்தப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். (ஆ) சோக் குழலைக் கழற்றி, பக்கவாட்டில் பொறித்திருப்பதைப் படித்து, வாயின் உள்விட்டத்தை அளவியால் அளக்க வேண்டும். சாவியும் அளவியும் நான் கொண்டுவருகிறேன். அளவியைக் கடந்த மாதம்தான் சரிபார்த்து முத்திரை வாங்கினேன். நாணயம் வேண்டாம். (இ) அதே வகைத் தோட்டாவைப் போட்டு இருபத்தேழு மீட்டரிலிருந்து ஒரு தாளில் சுட்டு, விரிவை அளக்க வேண்டும்.

(ஈ) வழக்கு முடிந்துவிட்டதால் இவை எதுவும் முடியாது என்றால், வேறு வழி ஒன்று இருக்கிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கியைக் கையாண்டதை ஐந்தாவது பத்தியில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதற்காக என்மீது வழக்குப் பதிவு செய்யுங்கள். அந்த வழக்குக்கு இந்தத் துப்பாக்கிதான் சாட்சிப் பொருள். அது நிலுவையில் இருக்கும்வரை அதை உருக்க முடியாது. எந்தக் குழலை நான் பொருத்தினேன் என்று அப்போதாவது யாராவது கழற்றிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அழைத்தால் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நானே வந்துவிடுகிறேன். ஜீப் அனுப்ப வேண்டியதில்லை. வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள அவனே போதும் என்கிறான்.

15. என் கணவரை விடுதலை செய்யும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். அதை நான் கேட்கவில்லை. அதற்கு நீதிமன்றம் இருக்கிறது, அங்கேயும் வரிசையில் நிற்பேன். மாப்பிள்ளை சாரைக் கூப்பிட்டு விசாரியுங்கள் என்றும் இந்த மனுவில் கேட்கவில்லை. நான் கேட்பது அலுவலக முத்திரையோடு ஒரு தாள். அதில் குழலின் வகையும் அதன் உள்விட்டமும் இருந்தால் போதும். மன்னிப்போ வருத்தமோ எழுத வேண்டாம். ஒரு நகலை மட்டும் சிறை முகவரிக்கு, அவர் பெயருக்கு, நேராக அனுப்பிவிடுங்கள். என் கையில் கொடுக்காதீர்கள். என் கையிலிருந்து போனால் அவர் நம்பமாட்டார்.

அவருக்கு இன்னும் மூன்று வருடம் நான்கு மாதம் பாக்கி இருக்கிறது. அத்தனை நாளும் உள்ளேதான் இருக்க வேண்டும் என்றால் இருக்கட்டும். செய்யாத குற்றத்துக்காக இருக்கிறோம் என்று தெரிந்து, கோபப்பட்டுக்கொண்டு இருக்கட்டும். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

30-ஆம் தேதிக்கு முன் பதிலை எதிர்பார்த்து,

நாள்: இம்மாதம் 12
இடம்: மீன் பண்ணை ஊழியர் குடியிருப்பு

மனுதாரர்,
(ஒப்பம்)
பறவைக் காவலாளியின் மனைவி